வடக்குச் சுவரும் பத்தடி தூரமும்

இனி மனைவியிடம் பொய்யே சொல்வதில்லை என்று போன ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை முடிவெடுத்தேன். முடிவெடுத்தபோது மணி ஒன்பது. பதினொன்றே காலுக்குச் சுவர் உருகிவிட்டது.

சுவர் உருகுமா என்று கேட்பீர்கள். அமெரிக்காவில், ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் ஷெபாய்கனில் உருகும். இங்கே பாதி வீடுகளுக்கு வினைல் சைடிங் போட்டிருக்கிறோம். வீட்டுக்கு மேல்சட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். நீள நீளமான பிளாஸ்டிக் பட்டைகள். ஒன்றின் அடியில் இன்னொன்றைக் கொக்கி மாட்டி, மரச்சுவரை மொத்தமாக மூடிவிடுவார்கள். பெயின்ட் அடிக்க வேண்டாம், உளுத்துப் போகாது, தண்ணீர் பீய்ச்சினால் சுத்தம். விற்க வந்தவன் "ஆயுசு முழுக்கக் கவலையே இல்லை" என்றான். யாருடைய ஆயுசு என்று நான் கேட்காமல் விட்டேன்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் நடந்த கதை அது. எனக்கு மரம்தான் பிடிக்கும். மரத்துக்கு ஒரு கம்பீரம் உண்டு என்று என் மனைவி மார்லிஸிடம் எடுத்துச் சொன்னேன்.

"கம்பீரமா? பெயின்ட் அடிக்கிறேன்னு ஏணியில ஏறி மூணு தடவை விழுந்தாச்சு எர்வின். நாலாவது தடவை நான் பிடிக்க மாட்டேன்."

"முதல் மூணு தடவை மட்டும் பிடிச்சியாக்கும்?"

"பிடிக்கலையே. பழக்கத்தை மாத்திக்க மாட்டேன்னு சொல்றேன்."

சைடிங் வந்தது. கூடவே ஒரு தாளும் வந்தது. கிரில் அடுப்பின் சூடு பட்டால் வினைல் உருகும் என்று அந்த விற்பனைக்காரன், நன்றாக இருப்பான், போகிற போக்கில் என் மனைவி காதில் போட்டுவிட்டுப் போயிருந்தான். மறுநாளே ஃப்ரிட்ஜ் கதவில் தாள் ஒட்டியாகிவிட்டது: "கிரில் அடுப்பு சுவரிலிருந்து பத்தடி தள்ளி, மேப்பிள் மரத்தடியில் இருக்கும். சுவர் ஒரு தடவை உருகினாலும் அடுப்பு கென்னிக்குப் போகும்." கீழே அவள் கையெழுத்து. அதற்கும் கீழே என் கையெழுத்து.

கென்னி என் மச்சான். மார்லிஸின் தம்பி. நல்லவன்தான், ஆனால் பிராட் சாசேஜைக் கேஸில் சுடுகிறவன். அதுகூடப் போகட்டும். முள்கரண்டியால் குத்தித் திருப்புகிறவன்! எங்கள் ஊரில் பெண்டாட்டியை விட்டு ஓடிப்போனவனைக்கூட நாலு வருஷத்தில் மன்னித்துவிடுவார்கள். பிராட்டைக் குத்திச் சாறு வடியவிட்டவனுக்கு மன்னிப்பே கிடையாது.

என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். குழாய்க் கம்பெனியில் எனக்கு மேலே ஒன்பது பேர். வீட்டில் எனக்கு மேலே ஒருத்திதான், ஆனால் அந்த ஒன்பது பேருக்கும் சமம். சனிக்கிழமை மதியம், கரி கனன்றுகொண்டிருக்க, கையில் இடுக்கியோடு அந்த அடுப்புக்கு முன்னால் நிற்கும்போது மட்டும்தான் நான் ஒரு ஆள். பத்தொன்பது வருஷமாக அதுதான் என் சிம்மாசனம். அது கென்னி வீட்டு முற்றத்துக்குப் போனால் நான் எதற்கு உயிரோடு இருக்க வேண்டும்?

சரி, அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். சர்ச்சில் பழைய சாமான் விற்பனை. மார்லிஸ் மூன்று மணி வரை வரமாட்டாள். காரில் ஏறும்போதே ஆரம்பித்தாள்.

"எர்வின், பத்தடி."

"தெரியும்."

"ஏரிக்காத்து அடிக்குது."

"தெரியும்னு சொன்னேன்ல."

"காத்தடிச்சா உனக்குப் பத்தடி மூணடியாச் சுருங்கிடும். அதான் சொல்றேன்."

எவ்வளவு அவநம்பிக்கை பாருங்கள்! எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பத்தடியில்தான் அடுப்பை வைத்தேன். காற்று கரியைப் பற்றவே விடவில்லை. எட்டடிக்கு வந்தேன். சாம்பல் கண்ணில் விழுந்தது. ஐந்தடியில் தொப்பி பறந்தது. உள்ளே எடுத்துப் போய் வாணலியில் பொரிக்கலாமே என்பீர்கள். அப்படிப் பொரித்தவன் வீட்டைத் தாண்டும்போது ஊர்க்காரர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். எனவே வடக்குச் சுவர் ஓரமாக, காற்றுப் படாமல், ஒரு இரண்டரை அடியில் வைத்தேன்.

பிராட் அருமையாக வந்தது. முதல் கடி கடித்துவிட்டுத் தலையைத் தூக்கினால், சுவர் தொங்குகிறது. இரண்டு பட்டைகள் வெயிலில் வைத்த வெண்ணெய் மாதிரி வளைந்து, கீழே இழுத்துக்கொண்டு நிற்கின்றன. வாயில் வைத்ததை விழுங்கக்கூட மறந்துபோனேன்.

"எர்வின், உன் வீடு அழுவுது" என்று வேலிக்கு மேலிருந்து ஒரு குரல்.

டெல்மர். பக்கத்து வீட்டுக்காரன். இருபது வருஷமாக வேலியின் மேல் முழங்கையை ஊன்றியபடியே வாழ்கிறவன்.

"டெல்மர், உன் புது ஜன்னல் கண்ணாடியில வெயில் பட்டுத் தெறிச்சா வினைல் உருகுமாமே?"

"உருகும். எங்க மாமா வீட்ல உருகியிருக்கு."

"அப்ப உன் ஜன்னல் மேல பழியைப் போட்டுக்கவா?"

"என் ஜன்னல் உன் வீட்டுக்குக் கிழக்கால இருக்கு. உருகினது வடக்குச் சுவரு. சூரியன் என்ன, உனக்காக ரெண்டு தடவை திரும்பி வருமா?"

"மேகமூட்டம், திசை தெரியலைன்னு சொல்லிப்பேன்."

"மேகமூட்டத்துல வெயில் எப்படிய்யா தெறிக்கும்?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள் உண்டு. முழுச் சுவரை எதில் மறைப்பது? அப்போதுதான் கராஜில் மிச்சம் கிடந்த சைடிங் பெட்டி ஞாபகத்துக்கு வந்தது. டெல்மரிடமிருந்து பட்டை கழற்றும் கொக்கியை வாங்கினேன். சின்ன இரும்புக் கொக்கிதான். பட்டைகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் இடத்தின் அடியில் விட்டு இழுத்துக்கொண்டே போனால் பட்டை பொத்தான் கழன்ற மாதிரி வந்துவிடும். உருகினதை எடுத்தேன், புதியதை மாட்டினேன், பத்தடி தள்ளிப் போய்ப் பார்த்தேன்.

ஐயோ! பதினோரு வருஷ வெயிலில் வெளுத்த சாம்பல் பச்சைச் சுவரின் நடுவே இரண்டு பட்டை மட்டும் பளிச்சென்று பச்சை. கிழவன் வாயில் இரண்டு புதுப் பல் கட்டின மாதிரி.

"இதைக் குருடன் கூடத் தடவிப் பார்க்காமக் கண்டுபிடிச்சிருவான்" என்றான் டெல்மர்.

"என்னதான் பண்றது?"

"யாரும் பார்க்காத இடத்துலேர்ந்து வெளுத்த பட்டையைக் கழட்டி இங்க மாட்டு. புதுசை அங்க மாட்டிடு. எல்லாரும் அதான் செய்வாங்க."

கில்லாடி! எங்கள் வீட்டுக்குப் பின்பக்கம் ஒரு ஊசியிலைப் புதர் உண்டு. ஆள் நுழைய முடியாது. அதற்குப் பின்னால் இருக்கிற சுவரைக் கடவுளே பார்த்ததில்லை.

"அப்போ புதர் பக்கம் எடுத்துக்கிறேன்" என்றேன்.

டெல்மரின் முழங்கை வேலியிலிருந்து வழுக்கியது. "புதர் வேண்டாம்."

"ஏன்?"

"குளவி இருக்கு."

"ஏப்ரல்லயா? இன்னும் பனியே கரையலை."

"பெரிய குளவி. கம்பளி போட்டிருக்கும்."

நான் காதில் வாங்கவில்லை. புதிய பட்டைகளை மறுபடி கழற்றினேன். சைடிங்குக்கு அடியில் மரத்தைச் சுற்றியிருக்கும் வெள்ளைத் துணி தெரிய, சுவரில் ஒரு பெரிய ஓட்டை. அதை அப்படியே விட்டுவிட்டு, முட்டி போட்டுப் புதருக்குள் தவழ்ந்தேன். முகமெல்லாம் கீறல். சட்டை கிழிந்தது. உள்ளே போய்த் தலையைத் தூக்கிப் பார்த்தேன்.

அங்கே மூன்று பட்டைகள் பளிச்சென்று பச்சை.

இரண்டு நிமிஷம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது நிமிஷம் மூளை வேலை செய்தது. புதுப் பட்டை தானாக வளராது. இங்கிருந்த வெளுத்த பட்டைகளை யாரோ கழற்றி வேறு எங்கேயோ மாட்டியிருக்கிறார்கள். அப்படியென்றால் எங்கேயோ சுவர் உருகியிருக்கிறது. நான் மாட்டவில்லை. வீட்டில் இருப்பது இரண்டு பேர். இரண்டில் ஒன்று போனால்?

மார்லிஸ்!

நான் இல்லாத நேரம் பார்த்து என் அடுப்பைத் தொட்டிருக்கிறாள். சுவரை உருக்கியிருக்கிறாள். புதரில் புகுந்து மறைத்திருக்கிறாள். பதினோரு வருஷமாக என்னிடம் "பத்தடி, பத்தடி" என்று பஜனை பாடிக்கொண்டு! எனக்கு வந்தது கோபமா என்று கேட்டால், இல்லை. ஆனந்தம். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக என் மனைவி கையும் களவுமாக மாட்டிக்கொண்டிருக்கிறாள். புதருக்குள்ளேயே ஒரு ஆட்டம் போட்டேன். இன்னும் நாலு கீறல்.

வெளியே வந்து ஓட்டையை மூடக்கூட இல்லை. எதற்கு மூட வேண்டும்? நாற்காலியை அந்த ஓட்டைக்கு நேராகப் போட்டு, ஒரு பீரைத் திறந்து, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன்.

"எர்வின், பட்டையை மாட்டிருய்யா. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு" என்று கெஞ்சினான் டெல்மர்.

"இன்னிக்கு நான்தான்டா ராஜா."

"ராஜா, உன் சட்டையில பாதி புதர்ல தொங்குது."

மூன்றே கால். மார்லிஸ் கையில் யாரோ தலையில் கட்டிய ஒரு பழைய விளக்கோடு வந்து இறங்கினாள். சுவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"சுவர் எங்க?"

"சுவர் கிடக்கட்டும். புதருக்குப் பின்னால மூணு பட்டை புதுசா இருக்கே, அதுக்கு முதல்ல பதில் சொல்லு."

அவள் விளக்கை மெதுவாகக் கீழே வைத்தாள். "அங்கெல்லாம் போனியா?"

"போனேன். ஏன் புதுசு?"

"இந்த வீட்டுச் சுவர் ஒரு தடவை உருகிடுச்சு. மாத்த வேண்டியதாப் போச்சு."

"எதால உருகுச்சு?"

"கிரில் அடுப்பால."

"ஆஹா! டெல்மர், கேட்டியா? ஒப்புக்கிட்டா!"

டெல்மர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன் மறைச்ச?"

"சொன்னா வீட்ல சண்டை வரும். அதான்."

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஓடிப்போய் ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து பழைய தாளைக் கிழித்தேன். அதன் முதுகிலேயே புதிய சட்டம் எழுதினேன். எழுதும்போதே வாய்விட்டுப் படித்தேன்: "புதருக்குப் பின்னால் புதுப் பட்டை வரக் காரணமாக, கிரில் அடுப்பை வைத்து இந்த வீட்டுச் சுவரை உருக்கியவர் யாரோ, அவர் இனி ஆயுள் முழுக்க அந்த அடுப்பைத் தொடக்கூடாது. அதைப் பற்றி வாயும் திறக்கக்கூடாது. மற்றவருக்கே முழு உரிமை. பழைய தாள் ரத்து."

கடைசி மூன்று வார்த்தைகளின் நுட்பத்தைக் கவனித்தீர்களா? பழைய தாள் ரத்தானால் இன்றைக்கு நான் உருக்கியதும் ரத்து. கென்னியும் ரத்து. என் மூளையை நினைத்து எனக்கே புல்லரித்தது.

"வேண்டாம் எர்வின். நல்லா யோசிச்சுக்கோ" என்றாள் மார்லிஸ்.

"பயமா?"

"பயமெல்லாம் இல்லை. பின்னால வருத்தப்படக் கூடாது."

"யாரு வருத்தப்படுவாங்கன்னு பார்ப்போம். கையெழுத்தைப் போடு."

"ரெண்டு பேர்ல யார் உருக்கியிருந்தாலும் இதே சட்டம்தானே?"

"யாரா இருந்தா என்ன? சட்டம்னா சட்டம்."

"மன்னிப்பு, ரெண்டாவது வாய்ப்பு, அழுகை, இதெல்லாம்?"

"எதுவும் செல்லாது."

அதையும் எழுது என்றாள். எழுதினேன். கையெழுத்துப் போட்டாள். நான் போட்டேன். சாட்சிக்கு டெல்மரைக் கூப்பிட்டேன்.

"எனக்குக் கை வலிக்குது" என்றான்.

"பீர் பிடிக்கிற கைதானே?"

"எர்வின், சொல்றதைக் கேளு. நாளைக்குப் போடலாம். ஞாயித்துக்கிழமை, நல்ல நாளு."

"போடுய்யா!"

போட்டான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளைக்காவது வாய் மட்டும்தான். நான் பேனாவும் எடுத்தேன்.

மார்லிஸ் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கினாள். வரும்போது பழைய போர்வையில் சுற்றிய ஒரு நீள மூட்டையோடு வந்தாள். அவிழ்த்தாள். மூன்று சைடிங் பட்டைகள். மூன்றும் தொங்கி, வளைந்து, உருகிப் போனவை. ஒன்றின் முதுகில் கறுப்பு மையில், அவள் கையெழுத்தில்: "பிப்ரவரி 9. எர்வின். காரணம்: காத்து." அதன் கீழே டெல்மரின் கையெழுத்து.

"ரெண்டு வருஷம் முன்னாடி" என்றாள். "இடுப்பளவு பனி, ஏரிக்காத்து வேற. பத்தடிக்குப் பாதை வெட்டச் சோம்பல்பட்டு, சுவரோரமா வச்சுச் சுட்ட. இருட்டு, மூக்கு வரைக்கும் மப்ளர். உருகினதையே பார்க்கலை. மறுநாள் காலையில மீன் பிடிக்கிறேன்னு உறைஞ்ச ஏரிக்குப் போய் நாலு நாள் உட்கார்ந்திருந்த. அந்த நாலு நாள்ல நானும் டெல்மரும் மாத்தினோம்."

நான் டெல்மரைத் திரும்பிப் பார்த்தேன்.

"குளவி இருக்குன்னு சொன்னேன்ல?" என்றான் பரிதாபமாக.

"மார்லிஸ்... அன்னிக்கே ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா அடுப்பு கென்னிக்குப் போயிருக்கும். இடுக்கி இல்லாம நீ முற்றத்துல நிக்கிறதை என்னால பார்க்க முடியாது. மனசு வரலை எர்வின்."

சத்தியமாகச் சொல்கிறேன். இரண்டு வருஷமாக என் மானத்தைப் போர்வையில் சுற்றி நிலவறையில் காப்பாற்றி வைத்திருக்கிறாள். அந்த மகராசியைப் போய் நான் புதருக்குள் உட்கார்ந்து சந்தேகப்பட்டேன். கண் கலங்கிவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்ப இந்தத் தாளையும்..."

"அழுகை செல்லாதுன்னு எழுதியிருக்க."

"உனக்குத்தான் மனசு வராதே!"

"வராமத்தான் இருந்துச்சு. நீ கால்மேல கால் போட்டு உட்கார்ந்திருந்த பாரு, அப்ப வந்துடுச்சு."

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான். தெரியாமல் உருக்கினது கணக்கில் வராது என்று வாதாடிப் பார்த்தேன். தெரிந்து, தெரியாமல் என்ற வார்த்தைகள் தாளில் எங்கே என்று கேட்டாள். தேடினேன். எழுதிய முட்டாள் அதையெல்லாம் போடவில்லை. வடக்குச் சுவர் ஓட்டையில் புதுப் பட்டையையே மாட்டச் சொன்னாள். "பளிச்சுன்னு இருக்கட்டும். வர்றவங்க என்னன்னு கேப்பாங்க. நீயே சொல்லிடு."

"சரி, அடுப்பை என்ன பண்ணப்போற? கென்னிக்கா?"

"கென்னி சுட்டதைத் தின்னவ நான். எதுக்கு அந்தப் பாவம்?"

அடுத்த சனிக்கிழமை அதே ஏரிக்காற்று. மார்லிஸ் என் பிக்கப் வண்டியை எடுத்துவந்து, புல்வெளியில் காற்றுக்குக் குறுக்கே நிறுத்தினாள். மேப்பிள் மரத்தடியில், பத்தடியில், காற்றே இல்லை. பத்தொன்பது வருஷத்தில் எனக்கு இது தோன்றவில்லை. இடுக்கியை எடுத்தாள். கரியைத் தள்ளினாள். ஒரு பிராட்டைக்கூடக் குத்தவில்லை. நான் சமையலறையில் சாலடுக்கு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, கருகட்டும், வெடிக்கட்டும், கீழே விழட்டும் என்று ஜன்னல் வழியாக வேண்டிக்கொண்டேன். ஒன்றும் பலிக்கவில்லை.

வேலி தாண்டி டெல்மர் சாப்பிட வந்தான். மூன்று சாப்பிட்டான். பத்தொன்பது வருஷமாக, வயிறு சரியில்லை என்று நான் சுட்டதில் ஒன்றோடு எழுந்துபோன மனிதன்.